ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

சார்ஜாவில் நான் பார்த்தது ஒரு குடோன், ஒரு சர்ச், ஒரு மீன் சந்தை. ஆறு நாள் இருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள், பெரிய கட்டிடமெல்லாம் பார்த்தாயா என்று கேட்டார்கள். வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று சொன்னேன். அது உண்மை. மற்றதை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கருங்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில் எனக்கு வேலை. முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுத் தோல் உரிக்கப் போனவள் நான். கையெழுத்து நன்றாக இருந்ததால் பெட்டிகளின் மேல் தரமும் எண்ணும் எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதையே டைப் செய்து லேபிளாக எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். லேபிள் அறையில் நாற்காலி உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு. வெளியே இருநூறு பெண்கள் தரையில் குத்தவைத்து இருக்கும்போது எனக்கு மட்டும் இருந்த சௌகரியம் அது.

சார்ஜாவில் எங்கள் பருப்பை வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். லேபிளை யாரும் கையால் டைப் செய்யக் கூடாது. கொள்முதல், இருப்பு, விற்பனை எல்லாம் ஏற்றி வைக்கும் கம்பெனியின் சிஸ்டத்திலிருந்தே லேபிள் நேராக அச்சாக வேண்டும். லேபிள் அச்சடிக்கும் சாஃப்ட்வேரையும் சிஸ்டத்தையும் இணைக்க நாகர்கோவிலில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸிலிருந்து ஷைனி என்ற பெண் வந்தாள். கடியப்பட்டணத்துக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும், அப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டு மாதம் என் அறையிலேயே இருந்து செய்து முடித்தாள்.

“இனி நீங்க ஒண்ணும் டைப் பண்ணண்டாம் அக்கா. ஒரு பெட்டி அடைச்சு முடிச்சா கீபோர்டுல இந்தக் கட்டைய ஒரு தடவ அமத்துங்க. எந்த லாட்டு, எந்தத் தரம், எத்தனாம் பெட்டின்னு சிஸ்டமே லேபிளுக்குச் சொல்லிரும்.”

தப்பாக அமுக்கிவிட்டால் ரத்து செய்யவும் வழி வைத்திருந்தாள். வரிசையில் எந்த எண்ணும் விடுபடக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்ததால், ரத்தான எண்ணைச் சிஸ்டம் அடுத்த பெட்டிக்குக் கொடுத்துவிடும். அதனால் ரத்து செய்த லேபிளை உடனே கிழித்துவிட வேண்டும். அவள் சொன்ன விதி அது ஒன்றுதான்.

நான் கிழிக்கவில்லை.

மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருஷம் அது. காலை பத்து மணிக்குக் கரண்டு போனால் பன்னிரண்டுக்கு வரும். பெட்டியடைக்கும் மிஷின்களுக்கு ஜெனரேட்டர் ஓடும். என் அறைக்கு அந்த இணைப்பு கிடையாது. பெட்டிகள் லேபிள் இல்லாமல் குவியும், லாரிக்காரன் சத்தம் போடுவான், மேஸ்திரி வந்து என் வாசலில் நிற்பார். அதனால் ஒன்பதரை மணிக்கே, இன்னும் அடைக்காத பெட்டிகளுக்கெல்லாம் கட்டையை அமுக்கி எண்பது, நூறு லேபிள் எடுத்து வைத்துக்கொள்வேன். இருட்டில் அவற்றை ஒட்டுவோம். மீதியானால், மாலையில் இருப்புக் கணக்கு ஒத்து வர வேண்டுமே, சிஸ்டத்தில் மட்டும் ரத்து செய்துவிடுவேன். லேபிள்களை மேஜைக்குள் வைத்து மறுநாள் மின்வெட்டில் ஒட்டுவேன். லேபிள் சுருள் வீணானால் மேஸ்திரி ஏசுவார். நல்ல லேபிளைக் கிழித்துப் போட எனக்கும் கை வரவில்லை. சிஸ்டமோ அதே எண்களை மறுநாள் வேறு பெட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சார்ஜா குடோனில் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்துதான் உள்ளே எடுப்பார்கள். ஒரு கன்டெய்னரில் நூற்றுச் சொச்சம் பெட்டிகளை அந்த மிஷின் ஏற்கவில்லை. இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது என்று திருப்பித் தள்ளியது. ஒரு வாரத்துக்குள் ஆள் வந்து பிரித்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழுச் சரக்கையும் திருப்பி அனுப்புவோம் என்று எழுதிவிட்டார்கள். பெட்டிகளை அடையாளம் காண நானும், இணைப்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஷைனியும் போவதென்று முதலாளி முடிவு செய்தார். குவைத்தில் வீட்டு வேலைக்கு என்று முன்பு எடுத்து வைத்த பாஸ்போர்ட் என்னிடம் சும்மா கிடந்தது. “ஒரே எண்ணில் ரெண்டு பெட்டியாம்” என்று முதலாளி சொன்ன அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

விமானத்தில்தான் ஷைனி தன் நிலைமையைச் சொன்னாள். ஆறு மாதச் சோதனைக் காலம் அவளுக்கு இன்னும் முடியவில்லையாம். கோளாறு அவள் செய்த இணைப்பில்தான் என்று ஆனால் வேலை இருக்காது என்று மேலாளர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இதை அவள் மற்றவர் விஷயம்போலச் சொல்லிவிட்டு, எனக்கு வந்த தட்டின் மூடியைப் பிரித்துக் கொடுத்தாள். சோறு இருந்தது. மூடியைத் திரும்ப வைத்து மூடினேன்.

தங்குவதற்கு அந்தக் கம்பெனியின் பெண்கள் குடியிருப்பில் ஓர் அறை தந்தார்கள். சமையலறை பொது. அங்கே ஜோய் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை அப்படியே எங்கள் ஊர் நெத்திலிக் கருவாடு. அவர்களும் காலையிலேயே சோறுதான் உண்கிறார்கள். எனக்கும் ஒரு தட்டு போட்டாள். கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, நான் யார் என்று ஷைனியிடம் கேட்டாள். ஷைனி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஜோய் எழுந்து எனக்குக் கை கொடுத்தாள். என்ன சொன்னாய் என்றேன்.

“எங்க ஆபீஸ்ல லேபிளுக்கு இவங்கதான் ராணி, ஒரு தப்பு வராதுன்னு சொன்னேன்.”

குடோன் என்றால் எங்கள் ஊர்ச் சந்தை முழுவதையும் கூரை போட்டு மூடினதுபோல இருந்தது. உள்ளே நல்ல குளிர். பொறுப்பாளர் நௌஷாத், கொல்லத்துக்காரர், நாற்பது வயது. மலையாளத்தில்தான் பேசினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பிரச்சினையில்லை. ஸ்கேன் செய்யும் கருவியை எங்களுக்குப் பிடித்துக் காட்டினார். சரியான பெட்டி என்றால் சின்னதாக ஒரு சத்தம், ஏற்காத பெட்டி என்றால் நீளமாக ஒரு சத்தம். முதல் நாள் முழுவதும் அந்த நீளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தக் கருவியே தேவைப்படவில்லை. ஃபேன் இல்லாமல் வியர்த்த கையால் ஒட்டிய லேபிள்கள் கொஞ்சம் கோணலாக, சுருக்கம் விழுந்து இருந்தன. சிலதில் பெருவிரல் ரேகை தெரிந்தது. தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். ஆனாலும் ஒன்றும் தெரியாதவள்போல ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். பத்து மணி ஆனபோது பழக்கத்தில் தலை உயர்த்தி விளக்கைப் பார்த்தேன். அது எரிந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் குப்பூஸும் பருப்புக் கறியும் வந்தன. குப்பூஸ் எங்கள் பேக்கரி ரொட்டியைத் தட்டையாக்கினதுபோல இருக்கும், ஆறினால் தோல். சாப்பிடும்போது ஷைனி, மனசில் வேறு எதுவும் இல்லாமல்தான், கேட்டாள்.

“ரத்து பண்ணின லேபிளெல்லாம் கிழிச்சிப் போட்டியளா அக்கா?”

“பின்னே, கிழிக்காம?” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அன்றும் மறுநாளும் அதிலிருந்து தலை தூக்கவில்லை. இரண்டு சாஃப்ட்வேரும் பேசிக்கொண்ட ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தாள். இல்லாத ஒன்றை ஒருவர் அவ்வளவு கவனமாகத் தேடி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சர்ச்சும் அன்றுதான். தமிழ் ஆராதனை இருக்கிறது என்று விசாரித்துவைத்து ஷைனியே என்னைக் கூட்டிப்போனாள். அவள் கத்தோலிக்கச் சபை, நான் வேறு சபை. “எல்லாம் ஒரே ஆள்கிட்டதான் அக்கா போகுது” என்றாள்.

போகும்போது பஸ்ஸில் ஒன்று நடந்தது. ஏறும்போது கார்டை ஒரு கருவியில் தொட வேண்டும். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். எனக்கு வெட்கமும் பதற்றமும் சேர்ந்து தொடாமலேயே உள்ளே போய்விட்டேன். பெண்களுக்கு முன்பக்கம் இடம், நம் ஊர்போல. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் ஏறினார். என் கார்டைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார்.

“கார்ட தொட்டியளா அக்கா?” என்று ஷைனி கேட்டாள்.

தொட்டேன் என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. உடனே அவள் அந்த மனிதரிடம் எனக்காக வாதாடத் தொடங்கினாள். அவள் கையசைத்ததிலேயே புரிந்தது, மிஷின்தான் தப்பு என்கிறாள். அவர் பொறுமையாகத் தன் கையிலிருந்த கருவியில் கார்டை வைத்து அவளுக்குத் திரையைக் காட்டினார். அவள் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள், நான் கேட்க வேண்டியதை. வயதைப் பார்த்தோ என்னவோ அவர் எச்சரித்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த ஒரு பாகிஸ்தானி அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு பேரீச்சம்பழம் தந்தாள். அதை வாங்கிக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

“பரவால்ல அக்கா, புது எடம்லா” என்று மட்டும் ஷைனி சொன்னாள்.

ஆராதனையில் பாவ அறிக்கை வந்தது. சபை முழுவதும் சேர்ந்து சொன்னது, நானும் சத்தமாகவே சொன்னேன். முன்னூறு பேரோடு சேர்ந்து சொல்லும்போது அது எவ்வளவு எளிது என்று அன்றுதான் கவனித்தேன். முழங்காலில் நின்றபடி, இவ்வளவுக்குப் பிறகும் எனக்குள் ஒன்றும் அசையவில்லையே என்று பயமாக இருந்தது.

மாலையில் மீன் சந்தைக்குப் போனோம். நெய்மீன் ஆள் உயரத்தில் பனிக்கட்டி மேல் கிடந்தது. தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈ இல்லை, சத்தம் இல்லை. ஷைனி மீனின் செவுளை விரலால் விலக்கிப் பார்த்து, “நாலு நாளு ஆச்சு. இத எங்க ஊர்ல கொண்டு வந்தா எனக்க அப்பா கடல்லயே திருப்பி விட்டிருவாரு” என்றாள். விற்கிற வங்காளிப் பையனுக்குத் தமிழ் தெரியாது. நல்ல மீன் நல்ல மீன் என்று தலையாட்டினான். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“யோசிச்சுப் பாருங்க அக்கா. ஒரு நாளாவது கிழிக்காம விட்டிருப்பியளா? விட்டிருந்தாலும் குத்தமில்ல. சொன்னா மதி, அது போதும்.”

இதைவிட வாசலை யாராலும் அகலத் திறந்து வைக்க முடியாது. மீனைப் பார்த்துக்கொண்டே, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, “இல்ல மக்களே” என்றேன்.

சனிக்கிழமை காலை குடோனில் அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மேலாளருக்கு ஒரு கடிதம் அடித்தாள். முடித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். லேபிள் அறையில் தவறு நடக்கவில்லை என்று விசாரித்து உறுதி செய்திருக்கிறாள். ஆகவே ஒரே எண்ணை இரண்டு முறை அச்சடித்தது தன் இணைப்பாகத்தான் இருக்க வேண்டும், எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கத் தனக்குத் திறமை போதவில்லை என்று எழுதியிருந்தாள்.

“செரிதானே அக்கா? உங்க பேர்ல ஒண்ணும் வராது” என்று கேட்டுவிட்டு அனுப்பினாள். அனுப்பும்போதும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

பத்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது. அவள் எழுந்து இரண்டு பெட்டி வரிசைகளுக்கு நடுவே போய் நின்றாள். செரி சார், செரி சார் என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கண் ஓரம் நனைந்திருந்தது. லேபிள் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு, “காலையில நீங்க ஒண்ணும் தின்னல்லியே, நௌஷாத் அண்ணன்கிட்ட சாயா சொல்லட்டா?” என்று கேட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மின்வெட்டையும், ஒன்பதரை மணியையும், மேஜைக்குள் வைத்த லேபிள்களையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சுருளைக் கீழே வைக்கவில்லை.

“நான் கேட்டேனே அக்கா” என்றாள்.

“கேட்டே.”

“ரெண்டு தடவ கேட்டேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்கேன் கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் முதலாளிக்கு ஃபோன் செய்தேன். நடந்ததை முழுவதும் அவர் கேட்டார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார். “தங்கபாய், இத நீ இனி ஆருகிட்டயும் பறயாதே. அந்தப் பிள்ள தானா எழுதிக் குடுத்தாச்சு. அவங்க தப்புன்னா அவங்க வந்து செரியாக்கித் தருவாங்க. உனக்க தப்புன்னா அது எனக்க தப்பு. வந்து உனக்க வேலையப் பாரு.”

ஃபோனை வைத்தேன். நாற்காலி போகவில்லை, ஃபேன் போகவில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்ததிலெல்லாம் எனக்கு மிகவும் கேவலமாகப் படுவது அந்த ஒரு நிமிஷம்தான்.

பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் கருவி நீளமாகச் சத்தம் போட்டது. அவள் தனியாக என் லேபிள்களை உரித்துக்கொண்டிருந்தாள்.

நௌஷாத்தின் மேஜைக்குப் போய் ஒரு தாள் கேட்டேன். தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதானே, நன்றாகவே எழுதினேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டி, சரக்கு அறிக்கையில் ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். அந்த அறிக்கை எங்கள் கம்பெனிக்கும் ஷைனியின் ஆபீஸுக்கும் சேர்ந்தே போகும்.

அவர் அடிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக் கேட்டார். தினமும் கரண்டு போகுமா? சொல்லிவைத்த நேரத்துக்கா? சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய்விடும், அதனால்தான் ஒன்பதரைக்கே எடுத்து வைப்பேன் என்றேன். லேபிள் வீணானால் மேஸ்திரி ஏசுவாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“எங்க உம்மாவும் அண்டி ஆபீஸில்தான் இருந்தாள்” என்றார் மலையாளத்தில். “கொட்டை எண்ணெய் பட்டு விரல் கறுத்தே இருக்கும்.”

அதனால் கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் குறைத்து எழுதுவார் என்று நினைத்தேன். அவர் நான் சொன்னதைச் சொன்னபடியே அடித்து, கீழே என் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு நீட்டினார்.

மீதியிருந்த இரண்டு நாளில் எல்லாப் பெட்டிக்கும் புது லேபிள் ஒட்டி முடித்தோம். கன்டெய்னர் சரக்கு முழுவதையும் குடோன் ஏற்றுக்கொண்டது. ஷைனி வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். சமையலறையில் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஜோய் எதையோ சொல்லிச் சிரித்தபோது முன்புபோல ஷைனி எனக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே என்னைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை நேருக்கு நேர் பேசவும் இல்லை. பெண்கள் முதலில் “துபாய் ராணி வந்தாச்சு, நவுந்து இருங்க ஏட்டி” என்று கேலி செய்தார்கள். பிறகு விஷயம் தெரிந்ததும் கேலி நின்றுவிட்டது. கேலி இருந்தபோதே தேவலை.

மூன்று வாரம் கழித்து ஷைனி வந்தாள். வேலை போகவில்லை. இணைப்பில் ஒரு மாற்றம் செய்ய அவளையே அனுப்பியிருந்தார்கள். லேபிள் அறையில் இப்போது, முன்பு பாக்கிங்கில் இருந்த செலின் இருக்கிறாள், என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். சாயா நேரத்தில் ஷைனி என்னை அங்கே கூப்பிட்டனுப்பினாள். நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு நோட்டோடு எதிரில் நின்றாள். கரண்டு எத்தனை மணிக்குப் போகும், போகும்போது எத்தனை பெட்டி கையில் இருக்கும், இருட்டில் யார் ஒட்டுவது, மேஸ்திரி என்ன சொல்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முன்பு அந்த இரண்டு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். நான் ஒன்றும் மறைக்காமல் பதில் சொன்னேன்.

அக்கா என்றுதான் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு செலின் பக்கம் திரும்பி, “அப்படித்தானா?” என்று கேட்டாள். செலின் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் நோட்டில் எழுதினாள்.